ஒரு பக்கம் காயாத தலை

உடைந்த எலும்பைப் பிடித்து நேராக்குவது டாக்டர். நேரான எலும்பை அப்படியே நிறுத்தி வைப்பது எங்கள் மாடி வீட்டு அக்கா. ஆஸ்பத்திரியின் மாவுக்கட்டு அறையில் அவருக்கு இருபத்திரண்டு வருட வேலை. பட்டையை எத்தனை நொடி தண்ணீரில் போடுவது, எப்போது பிழிவது, எந்த இடத்தில் கட்டைவிரலால் தடவினால் கட்டு வழவழவென்று நிற்கும் என்பதெல்லாம் கைக்கே தெரியும். வாய் அதுபாட்டுக்கு நோயாளியிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும். நோயாளி சிரித்து முடிப்பதற்குள் கால் கல்லாகியிருக்கும்.

அதே கட்டிடத்தின் கீழே நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அக்கா என் கடை வாசலில் ஒரு நிமிடம் நிற்பார். அவர் செருப்பு போகும் இடமெல்லாம் மாவுத்தூளால் வெள்ளைச் சுவடு பதியும். அதனால் அவர் எந்தத் தெருவுக்குப் போய்விட்டு வந்தார் என்பதுகூட எங்களுக்குத் தெரியும்.

போன வருடம் ஒரு பெண்மணி மணிக்கட்டை உடைத்துக்கொண்டு அந்த அறைக்கு வந்தார். கட்டு போட்டு முடிந்ததும் எழுந்து போகாமல் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"இதே மாதிரி ஒரு தலை செஞ்சு தருவீங்களா?"

"யாருக்குத் தலையில அடி?" என்று அக்கா கேட்டார்.

"அடியெல்லாம் இல்ல. ஆள் உயரத்துக்கு ஒரு தலை. காகிதத்துல. உள்ள ஒருத்தர் நின்னு நடக்கணும்."

அந்த அம்மா அதற்கு மேலும் விளக்கினார். தூங்கும் முகங்கள் ஏழு, நடுப்பகலில், நகரம் பரபரப்பாக இருக்கும்போது, ஒன்றன் பின் ஒன்றாகத் தெருவில் நடந்து போக வேண்டும். அவ்வளவுதான்.

"நாடகமா?"

"நாடகம் இல்ல. நிகழ்த்துகலை. வசனம் கிடையாது, பாட்டு கிடையாது. நடப்பாங்க. பாக்கிறவங்க பாக்கலாம்."

"எங்க ஆஸ்பத்திரி வராண்டா மாதிரின்னு சொல்லுங்க," என்றார் அக்கா.

அவர் சரி என்று சொன்னதற்குக் காரணம் கலை இல்லை. வீடுதான். அக்காவின் வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். இருபத்தாறு வருடம் டவுன் பஸ் ஓட்டியவர். ஒரு நாள் காலையில் பல் தேய்த்து வாய் கொப்பளிக்கும்போது இடது பக்கமாகத் தண்ணீர் தானாக ஒழுகியது. முகவாதம். இடது கன்னம் துணி போலத் தொங்கிவிட்டது. வாய் வலது பக்கம் இழுத்துக்கொண்டது. இடது கண் மூட மாட்டேன் என்றது. நரம்பு வீக்கம்தான், சில மாதத்தில் பெரும்பாலும் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். மாமாவின் காதில் 'பெரும்பாலும்' மட்டும்தான் விழுந்தது. படுக்கும்போது அந்தக் கண் இமையை அக்கா பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிடுவார்.

குளியலறைக் கண்ணாடியைக் கழற்றிச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டார் மாமா. டெப்போவிலிருந்து பார்க்க வந்தவர்களிடம் தூங்குகிறார் என்று சொல்லச் சொன்னார். ஜன்னல் திரையை ஒரு விரல் அகலத்துக்கு விலக்கித் தெருவைப் பார்ப்பது மட்டும்தான் அவருடைய வெளியுலகம்.

"வீட்ல ஒருத்தர் பேசாம இருந்தா சுவரெல்லாம் கிட்ட வந்துடுது," என்று அக்கா என்னிடம் ஒரு நாள் சொன்னார். "மொட்டைமாடியில இடம் கிடக்கு. கையாவது பேசட்டுமே."

முதலில் களிமண். மாடியில் ஒரு மேடை போட்டு, மூட்டை மூட்டையாக மண் ஏற்றி, மூங்கில் பிளாச்சைக் குறுக்கே கட்டி, அதன்மேல் முகத்தை எழுப்பினார். மண் முகத்தின்மேல் காகிதம். காலையில் டூட்டிக்குப் போகும் முன் மைதாப் பசை காய்ச்சி, பூச்சி வராமலிருக்க அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டுவிட்டுப் போவார். காகிதம் என் கடையிலிருந்து போனது. ஜெராக்ஸ் மெஷின் கறுப்படித்துத் தள்ளிய தாள்கள் என்னிடம் மலைபோல இருந்தன. பாதிச் சான்றிதழ், கோணலாக விழுந்த பத்திரம், அடையாள அட்டையின் மை அப்பிய படம். ஒரு அடுக்கு செய்தித்தாள், ஒரு அடுக்கு ஜெராக்ஸ் தாள் என்று மாற்றி மாற்றி ஒட்டினார். இரண்டும் வேறு வேறு நிறம் என்பதால் எந்த இடம் விட்டுப்போனது என்று கண்ணுக்குத் தெரியுமாம். அப்படிப் பதின்மூன்று அடுக்கு. பாதி காய்ந்ததும் மண்ணிலிருந்து உரித்து எடுத்தால் தக்கை போன்ற ஒரு முகம் கையில் வரும். பின்னந்தலையும் அப்படியே செய்து, உள்ளே மூங்கில் விலாவும் தோளில் மாட்ட வாரும் கட்டி, இரண்டையும் சேர்த்து ஒட்டி வெயிலில் முழுக்கக் காயவிடுவார்.

தூங்கும் முகத்தை எங்கே பார்ப்பது? அக்காவுக்கு அதில் பஞ்சமே இல்லை. புற நோயாளிகள் பெஞ்சில் உட்கார்ந்தபடி தூங்குகிறவர்கள், பஸ் கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்துத் தூங்குகிறவர்கள், பகலில் நாற்காலியில் சாய்ந்த காவலாளி. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தை இரண்டு முறை விட்டுவிட்டார். "முதல்ல தூங்குறது கீழுதடு," என்று வந்து சொல்வார். "அப்புறம் புருவம். மூக்கு மட்டும் கடைசி வரைக்கும் முழிச்சிருக்கு." மூக்கு முழித்திருப்பது வசதியாகவும் போயிற்று. உள்ளே நிற்பவர் மூக்குத் துவாரம் வழியாகத்தான் பார்த்து நடக்க வேண்டும்.

நான்கு தலைகள் முடிந்திருந்தபோது மதியம் ஒரு நாள் கடையைச் சாத்திவிட்டு மாடிக்குப் போனேன். வெள்ளைச் சுவரின் முன்னால் நான்கும் கண்மூடி இருந்தன. வெயிலில் காகிதம் காயும்போது 'டிக்' என்று சின்னச் சத்தம் வரும். யாரோ தூக்கத்தில் நாக்கு கொட்டுவது போல. ஒன்றின் உள்ளே புகுந்து நின்றேன். தெரு முழுவதும் ஒரு போர்வைக்குள் போனது மாதிரி தூரமாகிவிட்டது. என் மூச்சு என்னுடையது மாதிரி இல்லாமல், பெரிய ஒருவருடைய மூச்சு மாதிரி வந்து போயிற்று. உட்சுவர் முழுக்கக் கறுப்படித்த சின்னச் சின்ன முகங்கள். எல்லாம் என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள். பெரிய தலை தூங்கும்போது அதன் கனவில் வருகிற கூட்டம் போல அவர்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியவில்லை. வெளியே வந்தபோது வெயில் சுவரின் அடுத்த மூலைக்குப் போயிருந்தது.

அன்றைக்கே நானும் ஒரு தலையை எடுத்துக்கொள்கிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

ஒத்திகை எங்கள் கட்டிடத்துக்குப் பின்புறத் தெருவில் நடந்தது. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துப் பெண்கள் இருவர், நான், இன்னும் இரண்டு பேர். ஏழாவது ஆள் இன்னும் கிடைக்கவில்லை. ஆறு பேருக்கும் நடை வரவில்லை. தலை ஆளைவிட அகலம். திரும்பும்போது பின்னந்தலை எங்கே போகிறதென்று தெரியாது. தபால்காரர் ஒரு கடைப் பலகையைப் பெயர்த்தார். நான் விளக்குக் கம்பத்துக்கு முத்தம் கொடுத்தேன். அந்தத் தெருவில் நாற்பது வருடம் கண்ணை மூடிக்கொண்டு கடிதம் கொடுத்ததாகத் தபால்காரர் சொன்னார். "இப்பத்தான் நிஜமாவே கண்ணை மூடிட்டு வரீங்க," என்றார் சலவைக்கூடத்துப் பெண்.

அன்று மாடி ஜன்னலுக்குள்ளிருந்து சுவரைத் தட்டும் சத்தம் கேட்டது. அக்கா மேலே போய்விட்டு இறங்கி வந்தார்.

"மூணாவது ஆள் திருப்பத்துல சீக்கிரம் வளைக்கிறாராம். மூலை தோளைத் தாண்டினப்புறம்தான் வளைக்கணுமாம்."

மறுபடி நடந்தோம். மறுபடி தட்டல்.

"முன்னாடி போற தலைக்கும் பின்னாடி வர்ற தலைக்கும் நடுவுல ஒரு தலை இடம் விடணுமாம். பிரேக் போட நேரம் வேணுமாம்."

"தலைக்கு ஏதுக்கா பிரேக்?" என்று கேட்டேன்.

"அதை நானும் கேட்டேன். காலுன்னு ஒண்ணு இருக்கே அது எதுக்குங்கறார்."

மாமா திரைக்குப் பின்னால்தான் இருந்தார். ஆனால் அவர் சொன்னபடி நடந்ததில் ஒரு வாரத்தில் எங்கள் தலைகள் எதிலும் இடிக்கவில்லை. அக்கா மாடிக்கும் தெருவுக்கும் ஏறி இறங்கி முட்டி வலிக்கிறது என்றார். முகம் என்னவோ மலர்ந்திருந்தது.

அப்போதுதான் ஏழாவது தலையில் தவறு நடந்தது. மற்ற ஆறையும் அக்கா லீவு நாட்களில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பி வைத்துக் காயவிட்டிருந்தார். ஏழாவதைத் திருப்ப ஆளில்லை. அந்த வாரம் ஆஸ்பத்திரியில் ஒரு ஊழியர் விடுப்பு. அக்காவுக்கு இரட்டை டூட்டி. மாமா ஜன்னலைத் தவிர எங்கும் வருவதில்லை. தண்ணீர்த் தொட்டியின் நிழல் நாள் முழுக்கத் தலையின் இடது பக்கத்திலேயே விழுந்தது. வலது பக்கம் நன்றாகக் காய்ந்து சுருங்கி வாயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. இடது பக்கம் ஈரத்தோடு சரிந்தது. கன்னம் தொங்கிற்று. கீழ் இமை இறங்கி, மூடியிருக்க வேண்டிய இடது கண்ணில் ஒரு கோடு திறந்துகொண்டது.

அக்கா அதைப் பார்க்கும் முன் மாமா பார்த்துவிட்டார். துணி எடுக்க மொட்டைமாடிக்கு ஏறியிருக்கிறார். அவர் அங்கே ஏறியதே ஐந்து மாதத்தில் அன்றுதான்.

அக்கா வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே மாமா கேட்டாராம்.

"என் மூஞ்சிய ஊர்வலம் விடணும்னு எத்தனை நாளா நினைச்சிட்டிருந்தே?"

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. மேலே போய்ப் பார்த்த பிறகுதான் புரிந்தது. ஓடி வந்து நிழல், ஈரம், இரட்டை டூட்டி என்று எல்லாவற்றையும் சொன்னார். "நான் செய்யலீங்க. அதுவா இழுத்துக்கிச்சு."

"அதுவா. என் மூஞ்சி மாதிரியே. அதே பக்கம்," என்றார் மாமா. அதற்குப் பிறகு பேச்சே இல்லை. சுவரைத் தட்டும் சத்தமும் நின்றுபோயிற்று. ஒன்பது நாள்.

நிகழ்த்துகலை அம்மா வந்து அந்தத் தலையைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஏழுலயும் இதுதான் உயிரோட இருக்கு. தொடாதீங்க," என்றார்.

"முதல்ல அவர் மனசு. அப்புறம்தான் உங்க கலை," என்றார் அக்கா. "ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. தண்ணி ஊத்தி ஊறவெச்சுக் கலைச்சுடுவேன். வேற பண்ணித் தரேன்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி இருக்கும். நான் கடையில் ஒரு வாத்தியாரின் சான்றிதழுக்கு நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். மெஷினின் வெளிச்சம் போய் வந்துகொண்டிருந்தது. தெருவில் பேச்சு அடங்குவது கேட்டு நிமிர்ந்தேன். ஒரு பெரிய தலை தனியாக வந்துகொண்டிருந்தது.

அன்று ஒத்திகை கிடையாது. வெளிர் மஞ்சள் வெயிலில், வண்ணம் பூசாத வெறும் காகித முகம், தலைப்புச் செய்திகளும் மை அப்பிய படங்களும் கன்னத்தில் தெரிய, ஒரு கண்ணைக் கோடுபோலத் திறந்து வைத்துக்கொண்டு இடது ஓரமாக வந்தது. அவசரம் இல்லை, தயக்கமும் இல்லை. மூலையில் நின்றது. ஒரு சைக்கிளுக்கு வழி விட்டது. தோள் மூலையைத் தாண்டியதும் அகலமாக வளைந்து திரும்பியது. சுவருக்கும் அதற்கும் நடுவே ஒரு உள்ளங்கை இடம். வாத்தியார் வாயைத் திறந்தபடி நின்றார். தூக்கத்தில் யாரோ நம் பக்கத்தில் புரண்டு படுத்தால் ஒரு கணம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாதே, அப்படி இருந்தது தெரு.

என் கடை வாசலில் தலை நின்றது. மூக்குக்குள்ளிருந்து மாமாவின் குரல் வந்தது.

"மணி என்னாச்சும்மா?"

"நாலு பத்து, மாமா."

"அப்ப நாலே கால் வண்டி இன்னும் வரலை," என்று சொல்லிவிட்டுப் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். நான் கடையை வாத்தியாரிடம் ஒப்படைத்துவிட்டுப் பின்னாலேயே போனேன்.

அன்று மொட்டைமாடியில் என்ன நடந்தது என்பதைப் பிறகு மாமாதான் சொன்னார். கலைக்கப்போகும் தலையை ஒரு தடவை சரியாகப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. கோபமாகத்தான் போயிருக்கிறார். உள்ளே புகுந்து நின்று இடது கன்னத்தை விரலால் அழுத்தினார். விரல் அமுங்கியது. ஈரம். வலது பக்கம் தட்டினால் மரம்போலச் சத்தம் வந்தது. இரண்டுக்கும் நடுவில், நெற்றியிலிருந்து மோவாய் வரை, காய்ந்ததற்கும் காயாததற்கும் எல்லையாகப் பசை ஒரு கோடு விட்டிருந்தது. அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாராம். பிறகு தோள்வாரை இறுக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

நாலே கால் வண்டி நாலு இருபதுக்கு வந்தது. பஸ்ஸில் எல்லாரும் ஒரு பக்க ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். மாமா வலது கையைத் தூக்கி, நாலு விரலை மடக்கி, கட்டைவிரலை மட்டும் இரண்டு தடவை ஆட்டினார். எதிரில் வரும் வண்டிக்கு டிரைவர்கள் ஆளுக்கொரு விதமாகக் கை காட்டுவார்கள். அது அவருடைய விதம். பஸ் டிரைவர் தலையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே எட்டினார்.

"அண்ணே, உடம்பு பரவாயில்லையா? எப்ப டூட்டிக்கு வரீங்க?"

கேலியில்லை. சாதாரணமாகக் கேட்டார், பெரிய காகிதத் தலையைப் பார்த்து. உள்ளேயிருந்து பதில் வந்தது.

"வரேன்டா. கண்ணு கொஞ்சம் சரியாகட்டும்."

பின்வாசல் வழியாக அக்கா இறங்கினார். கையில் சாப்பாட்டுப் பை. தான் செய்த முகம் தனக்காக நிறுத்தத்தில் காத்திருப்பதைப் பார்த்து அப்படியே நின்றார். பஸ் போயிற்று. தூசி அடங்கியது.

"ஈரம் காயறதுக்குள்ள மாட்டிக்கிட்டு வந்துட்டீங்களே," என்றார். "கழுத்து தொங்கிடுமே."

"இடது பக்கம் இன்னும் ஈரமாத்தான் இருக்கு," என்றார் மாமா. "நீ சொன்னது சரிதான்."

அக்கா பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். காலியான கையால் காகிதக் கன்னத்தைக் கீழேயிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டார், மாவு இறுகும்வரை காலைப் பிடித்திருப்பாரே அதே பிடி. அப்படியே வீடு வரை நடந்தார்கள். நான் பத்தடி பின்னால் வந்தேன். பேச்சு பெரிதாக ஒன்றுமில்லை. உள்ளே ஒரு ஜெராக்ஸ் படத்தில் டெப்போ மேலாளர் மாதிரி ஒருத்தர் இருக்கிறார் என்று மாமா சொன்னது மட்டும் கேட்டது. அக்கா சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை தலையைக் கலைக்கவில்லை. மாமா தடுத்துவிட்டார். "இதை நான் எடுத்துக்கிறேன். நிமிர்த்தாதே, இப்படியே காயட்டும்." ஏழாவது ஆள் கிடைத்துவிட்டார். நிழல் விழாத இடத்தில் அதை வைத்து, உள்ளே ஒரு பல்பை எரியவிட்டு நான்கு நாள் காயவைத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பியது மாமா.

நிகழ்ச்சி ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. பன்னிரண்டு மணிக்கு ரயில் நிலையத்திலிருந்து கிளம்பி, வங்கித் தெரு, சந்தை, நீதிமன்றம் வழியாக ஏரிக்கரை வரை. மாமா முன்னால். நாங்கள் ஆறு பேர் பின்னால், நடுவில் ஒரு தலை இடம் விட்டு. மூக்குத் துவாரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் போகும் தபால்காரரின் பின்னந்தலையும் ஒரு கீற்றுத் தெருவும்தான். ஆனால் சத்தம் குறைவது கேட்டது. முதலில் ஹாரன்கள் ஓய்ந்தன. பிறகு விலை கூவுகிறவர்கள் ஓய்ந்தார்கள். சந்தையில் தராசுத் தட்டு ஒன்று மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் தன் கைக்குழந்தையிடம், "ஷ், தூங்குறாங்க," என்று சொன்னாள். அதற்குப் பிறகு எங்கள் செருப்புச் சத்தம்கூட எனக்கு அதிகமாகப் பட்டது. நீதிமன்ற வாசலில் கோட்டுப் போட்டவர்கள் படியோரம் ஒதுங்கினார்கள். ஒருவர் மட்டும் முன்னால் போகும் தலையைப் பார்த்து, "அதோ, அவருக்குத் தூக்கம் வரலை பாரு," என்றார் மெதுவாக.

ஏரிக்கரையில் ஏழையும் புல்லில் வரிசையாக வைத்துவிட்டு வெளியே வந்தோம். வியர்வையில் குளித்திருந்தோம். மாமாவும் வெளியே வந்தார். கரையில் இருநூறு பேருக்குக் குறையாது. அவருடைய வாய் இன்னும் கொஞ்சம் கோணல்தான். நெற்றியைத் துண்டால் துடைத்துக்கொண்டு, தண்ணீர் யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். ஒருவர் பாட்டிலை நீட்டினார். குடிக்கும்போது ஒரு பக்கம் கொஞ்சம் வழிந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி குடித்தார்.

தலைகளை மழை வரும்வரை அங்கேயே விட்டுவிடுவது அந்த அம்மாவின் திட்டம். அக்காவுக்கு வருத்தமாக இருக்கும் என்று நாங்கள் நினைத்தோம். "ஆறு வாரத்துல வெட்டி எறியறதுக்குத்தானே தினமும் கட்டறேன்," என்றார் அவர். "வெட்டி எறிஞ்சாத்தான் ஆள் குணமானான்னு அர்த்தம்." பத்தாம் நாள் மழை பெய்தது. இரண்டு மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தபோது புல்மேல் சாம்பல் நிறக் கூழும், மூங்கில் விலா எலும்புகளும், அங்கங்கே ஒரு எழுத்தும் கிடந்தன.

மாமாவின் முகம் எட்டாவது மாதம் முக்கால்வாசி பழையபடி ஆகிவிட்டது. கண் வறண்டுபோகும் என்பதால் பஸ் ஓட்ட டாக்டர் சம்மதிக்கவில்லை. டெப்போவில் புதிய டிரைவர்களுக்கு வளைவு எடுக்கப் பழக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். காலையில் அக்காவும் அவரும் ஒரே பஸ்ஸில் போகிறார்கள்.

இப்போது மாடியில் இரண்டு கைகள் காய்ந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு கட்டில் நீளம். அடுத்த நிகழ்ச்சிக்காம். விரல் நகத்துக்கு வழவழப்பான தாள் வேண்டும் என்று அக்கா கேட்டிருக்கிறார். பழைய காலண்டர்களைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன்.